சோஃபா

இருக்கையில் ஒரு சுருள்கம்பி மேலே வந்துவிட்டது.
என் இடது தொடைக்கு அது மனப்பாடம்.
ஹீட்டர் ஜூலையில் மட்டும் வேலை செய்யும்.
மூன்றாவது கியர் கேட்டால்
வண்டி யோசிக்கும்,
சில நாள் தரும்.

பிஷ்கெக்கில் முதலாளி எர்மெக்கிடம் சொன்னேன்.
“ஓடுதில்ல?” என்றார்.
ஓடியது,
டூ-அஷூ சுரங்கத்துக்கு
நாலு கிலோமீட்டர் முன்புவரை.

பனி. பெல்ட் கருகிய வாடை.
பின்னால் வந்த ஜெங்கிஷ்பெக்
உதவத்தான் நிறுத்தினான்;
நிறுத்தியதும் அவன் வண்டியும் அணைந்துபோனது.

இரண்டு பேரும் என் சரக்குக்குள் ஏறினோம்.
ஓஷ் கல்யாண வீட்டுக்குப் போகிற சோஃபா,
பாலிதீன் உறையோடு.
உட்கார்ந்தேன்.
பதினோரு வருஷத்தில் முதல்முறையாக
இந்த வண்டியில் முதுகு சாய்ந்தது.
ஜெங்கிஷ்பெக் ஒன்றும் பேசவில்லை.
வெங்காயம் ஏற்றி வந்தவன், பாவம்,
கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தான்.

விடிந்தபிறகு ஒரு நிலக்கரி லாரி
கயிறு கட்டி இழுத்தது.

ஓஷில் மணப்பெண்ணின் அம்மா
மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்தாள்.
“யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கே?”

“மலை, அக்கா” என்றேன்.
“அந்த உயரத்தில்
பஞ்சு கொஞ்சம் அமுங்கும்.”