அ என்றால்

என் மாணவர்களின் முகங்களை நான் அதிகம் கண்டதில்லை.
கூரைகளைத் தெரியும்.
பத்தக்குட்டியுடையது தகரம்;
மழை நாளில் அவர் பேசுவது ஒன்றும் கேளாது.
வனசுந்தரியுடையது கிடுகு,
அதில் எப்போதும் அதே பல்லி.
யோகமலருக்குக் கூரையே இல்லை:
உன்னிச்சைக் குளக்கட்டில்
துருசுக்குப் பக்கத்தில் ஏறி நின்றால்தான்
இரண்டு கோடு சிக்னல்.
ஆகவே எனக்கு அவள் ஒரு காது,
காதுக்குப் பின்னால் நிறைய இருட்டு.

இரவு ஏழரை. கல்லடியில் என் வாடகை அறை.
"ரீச்சர் கேக்குதா?"
"கேக்குது."
"எங்களுக்கு உங்கட கேக்குதில்ல."
இப்படியே கால் மணித்தியாலம் போகும்.

கொழும்பிலிருந்து வந்த பாடத்தாளில்
அ என்றால் அம்மா. பக்கத்தில்
சேலை கட்டிய ஒரு படம்.
காது சிரித்தது.
"அம்மாவ எனக்குத் தெரியும் ரீச்சர்.
எழுதி என்ன செய்ய?
அறவீடு எண்டு எழுதக் காட்டுங்க.
செவ்வாக்கிழம வாற தம்பி
அந்தக் கொப்பியத்தான் நீட்டுறான்."

அறவீடு.
இந்தச் சொல்லை இத்தனை பொறுமையாக
யாரும் எழுதியிருக்கமாட்டார்கள்.
குச்சி மண்ணைக் கீறும் சத்தம்
இங்கே என் மேசைவரை வந்தது.
'று'வா 'ற'வா என்று
பத்தக்குட்டி ஒரு வழக்கு நடத்தினார்.

அதன்பிறகு பாடத்தாளை நான் திறக்கவில்லை.
தவணை வந்தது, வட்டி வந்தது.
பிணையாள் என்பதில் அந்த 'ணை'
வனசுந்தரிக்கு மூன்று நாள் பிடித்தது.
ஐந்து பேருக்கு அவள் பிணை.

ஒரு நாள் கணக்கு.
எடுத்தது நாற்பதாயிரம்.
கிழமைக்கு ஆயிரத்து நூற்றைம்பது.
ஐம்பத்திரண்டு கிழமை.
பெருக்குங்க, என்றேன்.
போனில் தட்டாமல், கையால்.
எங்கோ ஒரு மாடு மணியை ஆட்டியது.
யாரோ இருமினார்கள்.
யோகமலர்தான் முதலில் சொன்னாள்,
ஒவ்வொரு இலக்கமாக, பிறகு சேர்த்து:
ஐம்பத்தொன்பதாயிரத்து எண்ணூறு.

பிறகு ஒன்றுமில்லை.
பல்லிகூட அசையவில்லை.
"லைன் கட்டாச்சோ?" என்று கேட்டேன்.
"இல்ல ரீச்சர். இரிக்கம்."

அந்த விடை எனக்கு மனப்பாடம்.
பகலில் நான் திருமலை வீதியில்,
மேல்மாடியில், குளிரூட்டிய அறையில்
அறவீட்டுத் தாள்களைக் கணினியில் ஏற்றுகிறேன்.
கைநாட்டு என்றொரு கட்டம் இருக்கிறது.
சரி போடவேண்டும், அவ்வளவுதான்.
நாளைக்கு இருநூறு சரி.
இரவுப் பாடத்துக்குச் சம்பளம் இல்லை.
வாடகை மற்றதிலிருந்து வருகிறது.
இதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை.
பாடத்தில் அதற்கு இடம் வரவில்லை என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மாசியில் ஒரு படிவம் என் மேசைக்கு வந்தது.
கையொப்பமிடும் இடத்தில்
கோட்டை விட்டுக் கீழே இறங்கிய 'ல'வோடு
யோகமலர்.
மை இரண்டு இடத்தில் திரண்டிருந்தது.
வெகுநேரம் பார்த்துவிட்டு
மற்றக் கட்டத்தில் சரி போட்டேன்.

அடுத்த வெள்ளி அவளே ஆரம்பித்தாள்.
"திரும்பவும் எடுத்திரிக்கன் ரீச்சர்.
கிணத்துக்கு மோட்டர்.
பேசாதீங்க, வாசிச்சித்தான் வெச்சன்,
நாலு பக்கமும்.
எவ்வளவு கூடக் கட்டுறன் எண்டு
தெரிஞ்சி கட்டுறன்.
துண்டுக்கு அடியில
பொடி எழுத்தில ஒண்டு கிடக்கு.
வாசிக்கட்டா?"

வாசிங்க, என்றேன்.

"பதிவு. ரெண்டு புள்ளி.
ம. பொறகு,
சு... கி... ர்... தா."

காது திரையைவிட்டு நகர்ந்தது.
போனைத் திருப்பிப் பிடித்தாள்.
ஏழு மாதத்தில் முதல் தடவை
முழு முகம், நேராக,
டோர்ச் வெளிச்சத்தில்.
நெற்றியில் ஒரு பழைய தழும்பு இருந்தது.

"சரியா வாசிச்சனா ரீச்சர்?"

காட்டுப் பக்கம் யானை வெடி ஒன்று.
எல்லாக் கூரைகளும் காத்திருந்தன.

'ர்'க்குப் புள்ளி கவனிச்சது நல்லம், என்றேன்.