பந்தி இருபத்துமூன்று

பந்திக்கு முந்து என்பார்கள்.
இந்தப் பந்திக்கு முந்தாதே.
கேள்வியைப் பார். பிறகு பந்தியை வாசி.
தேனீக்களைப் பற்றி உனக்கு எவ்வளவு தெரிந்தாலும்
தேனீக்களைப் பற்றிய பந்தியில்
எழுதியிருப்பது மட்டுமே உனக்குத் தெரியும்.

நாற்பத்திரண்டு கேள்வி, தொண்ணூற்றைந்து நிமிடம்.
குரொய்டன் ஆசுப்பத்திரிச் சலவைக்கூடத்தில்
இரவு மூன்று மணி இடைவேளைக்கு
அகோசுவா குசினி மணிக்கூட்டைத் திருகி
உலர்த்தியின் மேல் வைக்கிறாள்.
விரிப்புகள் சுற்றும் இந்த இரைச்சலில் வாசித்துப் பழகினால்
மண்டபத்து அமைதி உன்னை ஒன்றும் செய்யாது என்கிறாள்.
தாதிப் பரீட்சையில் இரண்டு தரம் தவறியவள் அவள்.
அதனால்தான் நம்புகிறேன்.

'ஆனால்' வந்தால் கோடு போடு.
திரையில் போட முடியாது, கண்ணால் போடு.
'எனவே' வந்தால் நில்.
'சந்தேகமின்றி' என்று எவராவது எழுதினால்
அங்கே ஓட்டை இருக்கிறது, விரலை விட்டுப் பார்.
நாற்பத்தொரு வயதில் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியை
ட்ராமில் மட்டும் கேட்டுக்கொள்.
எட்டு நிறுத்தம். அதற்குள் முடித்துவிடு.

ஒரு வகைக் கேள்வியில்தான் விழுந்துகொண்டே இருந்தேன்:
எழுதியவர் சொல்லாமலே எடுத்துக்கொண்டது எது?
பயிற்சிப் புத்தகங்கள் இரண்டும் முடிந்துபோன
ஒரு ஞாயிறு பின்னேரம்
அலுமாரியின் மேல்தட்டிலிருந்து
தம்பி ஐங்கரனின் மறுப்புக் கடிதத்தை எடுத்தேன்.
பதினொரு வருடமாய்த் திறக்காதது.
பழமொழியின் மறுபாதி அவனுடையது,
படைக்குப் பிந்தியவன்.

பந்தி இருபத்துமூன்று:
உண்மையாகவே உயிருக்குப் பயந்த ஒருவர்
மூன்று மாதம் அதே வீட்டில் இருந்திருக்க மாட்டார்.
நீங்கள் இருந்தீர்கள்.
எனவே உங்கள் பயத்தை நாம் ஏற்கவில்லை.

எனவே.
நின்றேன்.
ஓரத்தில் பென்சிலால் விடைகள் எழுதினேன்.

அ. போவதற்கு இன்னொரு வீடு இருந்தது.
ஆ. அந்த வீட்டில் படுக்கையோடு ஓர் அப்பா இல்லை.
இ. பயம் எல்லோருக்கும் கால்களில்தான் வரும்.
ஈ. இதை எழுதியவர் ஒருநாளும் பயந்ததில்லை.

நாலாவதுதான் கைக்கு இனித்தது.
பந்தியில் அதற்கு ஆதாரம் இல்லை. வெட்டினேன்.
கோபம் சரியான விடை மாதிரியே இருக்கும்,
மூன்றாம் தரம் வாசிக்கும் வரைக்கும்.

கடிதம் வந்த அன்று
இதை அவனுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னவள் நான்.
வாசித்துவிட்டு,
'அவங்கள் கேக்கிறதிலும் ஞாயம் இருக்குத்தானே,
ஏன் மூண்டு மாசம் இருந்தனி?' என்றவளும்.
அவன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு
மழைக்குள் சிகரெட் வாங்கப் போனான்.

நாளைக்கு: கடவுச்சீட்டு, கண்ணாடி, வாழைப்பழம் ஒன்று.
பொக்கெற்றுகளை வெளியே இழுத்துக் காட்டச் சொல்வார்கள்,
சட்டைக் கையை மடிக்கச் சொல்வார்கள். மடி.
கட்டுரைக்கு நாற்பது நிமிடம்.
எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு பந்தி கொடு,
அவர்கள் வாசித்தால் 'ஓம், இதைத்தான் சொன்னோம்'
என்று ஒப்புக்கொள்ளும்படி கொடு.
அதற்குப் பிறகு உடை.

இரவு நீர்கொழும்புக்கு எடுத்தேன்.
ஐஸ் கொம்பனியில் வேலை முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.
வழக்கம்போல, என்ன சமையல் என்றான்.
'ஐங்கரன், உனக்கு அப்ப
போறதுக்கு வேற வீடு இருந்ததா?'

'ஏன் இப்ப கேக்கிறாய்?'
'சோதினைக்கு.'
'எத்தின மார்க்ஸ்?'
'ஒண்டு.'

கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.
நான் மணிக்கூட்டைத் திருகவில்லை.
முதலில் தட்டின வீட்டிலிருந்து
சொல்லத் தொடங்கினான்.