குறட்டை

புந்தா அரேனாஸில் காற்று ஆளைத் தூக்கும்.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
எலெயாசார் பார்ரியாவின் கை
கயிற்றுக்கு ஒரு சாண் முன்னால் தவறியது.

எழுந்தார். தொப்பியைத் துரத்திப் பிடித்தார்.
பார்த்துச் சிரித்தவர்களோடு தானும் சிரித்தார்.
ரொட்டி வாங்கிச் சில்லறையை எண்ணிச் சரிபார்த்தார்.
எல்லாம் காவலர் குறிப்பில் இருக்கிறது.

இப்போது என் மேசையில்.
அறுப்பதும் தைப்பதும் என் வேலை.
பெயரிடுவது டாக்டர் யாஸ்னாவின் வேலை.

காதோடு காது கீறித் தலைத்தோலை மடித்தேன்.
வலது பொட்டில் உள்ளங்கை அகலம் கன்றியிருந்தது;
மேலே நரைமுடி ஒன்றும் சொல்லவில்லை.
ஓட்டைக் கழற்றினால்
எலும்பில் ஒரு மயிரிழை விரிசல்.
தமனி ஓடும் பள்ளத்தைக்
குறுக்கே கடந்து போயிருந்தது.
எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவில்
கலஃபாத்தே பழக்கூழின் நிறத்தில் கட்டி.
கரண்டியால் வழித்துத் தராசில் வைத்தேன்.
நூற்று நாற்பது கிராம்.
அவர் வாங்கிய ரொட்டி இதைவிடக் கனம்.

அந்தப் பக்கத்து மூளை தட்டையாகியிருந்தது,
இரவெல்லாம் யாரோ சாய்ந்திருந்த தலையணைபோல.

டாக்டர் சொல்லச் சொல்ல எழுதினேன்:
தலைக்காயம். உறைக்கு வெளியே இரத்தக்கசிவு. விபத்து.

கூடத்தில் ஓர்ஃபெலினா.
மடியில் அந்தத் தொப்பி.
"தலை லேசாக வலிக்கிறது என்று சீக்கிரமே படுத்தார்.
என்றைக்கும் இல்லாத குறட்டை.
தோளில் இடித்தேன், திரும்பவில்லை.
எரிச்சலாகி மகளின் பழைய அறையில் போய்ப் படுத்தேன்.
நாலு மணி வாக்கில் நின்றது.
அப்பாடா என்று நினைத்தேன், டாக்டர்.
அப்பாடா என்று."

அது குறட்டை இல்லை.
டாக்டருக்குத் தெரியும்.
பதினேழு வருடம் தைத்த எனக்கும் தெரியும்.
நெருக்குண்ட மூளை
தொண்டை வழியாகக் கதவு தட்டும் சத்தம் அது.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

"இன்னும் பலமாக இடித்திருக்க வேண்டுமோ?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்ததையே மறுபடி துடைத்தார்.
"அவருக்கு வலித்திருக்காது" என்றார்.

கேள்வி அதுவல்ல.
மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

ஓர்ஃபெலினா தொப்பியை உள்வெளியாகப் புரட்டி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
ஒரு துளியும் இல்லை.

நான் உள்ளே வந்து ஊசியில் நூல் கோத்தேன்.
வழக்கத்தைவிட நெருக்கமான தையல்,
முடிக்குள் மறையும்படி;
இந்த ஊர்க் காற்று எதையும் விலக்கிப் பார்க்கும்.

கடைசி முடிச்சுப் போடும்வரை
கூடத்துக் கதவு திறக்கும் சத்தம் கேட்கவில்லை.