ஐந்தொகை

எண்பத்தேழில் நாங்கள் எழுதிய செய்முறையில்
எல்லாம் இருந்தது.
தொட்டியின் சூடு, மின்னோட்டம்,
சைக்கிள் ரிம்மில் ஏறும் குரோமியத்தின் தடிமன்.
கடைசிக் கட்டத்தில் ஒரு சொல்: இழப்பு.
எதிரே, ரிம்முக்கு மூன்று கிராம்.
அடியில் கோடு.
கோட்டோடு அறிவியல் முடிந்தது,
ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தோம்.

காரைக்குடிக்கு வெளியே எங்கள் ஆய்வுக்கூடம்.
பின்சுவரில் ஒரு துளை.
துளைக்கு அப்பால் வரைபடம் கிடையாது.
மஞ்சள் தண்ணீர்
தானே வழி கண்டுகொண்டது செம்மண்ணில்.

உமையாள் சேர்ந்த மாதம்
என் குறிப்பேட்டைப் பேரேடு மாதிரி புரட்டினாள்.
தேவகோட்டை அரிசி மண்டியில்
கணக்கு எழுதியவர் அவள் அப்பா.
"இந்த மூன்று கிராம் யார் பற்றில் இருக்கு?"
சிரித்தேன். கழுவியதில் போயிருக்கும்.
"போயிருக்கும், சரி. யார் வீட்டுக்கு?"

ஞாயிற்றுக்கிழமை வாய்க்காலோடு நடந்தோம்,
சீமைக் கருவேலம் கிழித்த சட்டையோடு
இரண்டு கிலோமீட்டர், பதினாறு பாட்டில்.
கடைசிப் பாட்டில்
செம்பாறை வெட்டிய ஒரு கிணற்றில் நிரம்பியது.
வாளி இறைத்துக் கொடுத்தவள் பெயர் ஆராயி.

திங்களன்று இழப்பை அடித்துவிட்டு
ஆராயி கிணறு என்று எழுதினேன்.
கை நடுங்கவில்லை.
வெட்கம் மத்தியானம்தான் வந்தது,
தண்ணீர் டம்ளரை எடுத்தபோது.

அதன்பிறகு எதையும்
தொட்டியிலிருந்து தொடங்க முடியவில்லை.
முதலில் கிணற்றை வரைந்தோம்,
அப்புறம் வாய்க்கால், அப்புறம் வடிகலன்,
கடைசியில்தான் ரிம்.
வேறு குரோமியம், சாது.
பளபளப்பு மட்டும் ஒரு மாற்றுக் குறைவு.
"என்ன சார், மேகம் மூடின மாதிரி இருக்கே"
என்றார் ரிம் கம்பெனிக்காரர், வெயிலில் தூக்கிப் பிடித்து.
மூன்று வருடம்
அந்த மேகத்தோடு மல்லுக்கட்டினோம்.
திறன் என்றால் எவ்வளவு ஒட்டியது என்றுதான்
அதுவரை படித்திருந்தோம்.
ஒட்டாதது எங்கே என்று
ஒரு பரீட்சையிலும் கேட்டதில்லை.

நேற்று இரவு ஐந்தொகை போட்டேன்.
ரிம்மில் ஏறியது, வடிகலனில் நின்றது,
பூட்டிய கொட்டகையில்
பச்சைச் சேறு பதினொரு பீப்பாய்
(அதை என்ன செய்வது என்று இன்னும் தெரியாது).
எல்லாம் கூட்டியும்
ரிம்முக்கு நாலு மில்லிகிராம் இடிக்கிறது.
உமையாள் மாற்றலாகிப் போய் ஆறு வருடம்.
யார் பார்க்கப்போகிறார்கள்,
அந்தப் பழைய சொல்லை எழுதிக் கோடு போடலாம்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு
பின்சுவர்ப் பக்கம் போனேன்.