கோடு விழாத எழுத்து

அக்குரேய்ரியில் டிசம்பர் பகல்
மூன்று மணி நேரம்.
மிச்சமெல்லாம் என் பணிநேரம்.

இன்றிரவு நான் எதையும் கட்டவில்லை.
நாங்கள் எழுதும் நிரலில் இரண்டு வினைகள்:
ஒன்று "உண்டாகு" என்கிறது,
மற்றது "இருக்கிறாயா" என்று கேட்பதோடு சரி.
கேட்கிற வினையை எடுத்துக்கொண்டேன்.
நாலே வரி. ஒரு பெயர்,
அது குடியிருக்கும் தரவு மையத்தின் எண்.

முதலில் வெறுமனே "வளங்கள்" என்று கேட்டேன்.
ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்றது கருவி.
இருக்காதா பின்னே.
ஒவ்வொரு சர்வர் கொத்துக்கும் அடியில்
பிறக்கும்போதே ஒரு குளம், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்.
எங்கள் தொலைபேசிப் புத்தகத்தில்
குட்ரூன் என்று தேடுகிற மாதிரி.
பக்கம் பக்கமாகக் குட்ரூன்கள்.
அதனால் பெயருக்குப் பக்கத்தில் தொழிலைப் போடுகிறோம்:
குட்ரூன், பல் மருத்துவர்.
குட்ரூன், கிரேன் ஓட்டுநர்.
நானும் கொத்தின் பெயரை முன்னால் வைத்து
ஒரு சாய்கோடு இழுத்தேன்.

எனக்கு வேண்டியது அந்தக் குளத்துக்குள் இன்னொரு குளம்.
பெயர் ப்ராதாபிர்க்தா.
எங்கள் மொழியில் "இப்போதைக்கு" என்று பொருள்.
பதினோரு வருடமாக இப்போதைக்கு.
அதற்குள் மீன் ஏலக் கடிகாரம்,
நூலகத்தின் அபராதக் கணக்கு,
மலைச்சரிவில் பனியை அளக்கும் இயந்திரம்
எல்லாம் ஒரே நினைவகத்தைப் பங்கு போட்டு
யாரும் யாரையும் இடிக்காமல் வாழ்கின்றன.

காணவில்லை, என்றது கருவி.

மறுபடி தட்டினேன். காணவில்லை.
பக்கத்துத் திரையில் பச்சையாக எரிகிறது அது;
விரல் வைத்து "இதோ" எனலாம்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும்
அப்படி ஒருவர் இங்கே இல்லை.

"அழித்துவிட்டு ஒழுங்காகக் கட்டு,
ஐந்து நிமிட வேலை" என்றான் ஓர்வர்,
சூப் கிண்ணத்திலிருந்து தலை தூக்காமல்.
வெளியே மூன்றாம் நாளாகப் பனி.
சரிவை அளப்பதை ஐந்து நிமிடம் நிறுத்து என்கிறான்.
நான் பதில் சொல்லவில்லை.

காலை ஏழு மணி, நகராட்சி வெந்நீர்த் தொட்டி.
கழுத்துவரை தண்ணீரில் ஹாஃப்லிதி,
தொப்பியின் மேல் பனி.
அந்தக் குளத்தைக் கையால் சொடுக்கி உண்டாக்கியவன்,
இப்போது பனி வாரும் லாரி ஓட்டுகிறான்.

எந்தக் கணினியில் தட்டினாய் என்று கேட்டேன்.
யோசித்தான். ஆர்ஹூஸிலிருந்து வந்த ஒருவனின் லேப்டாப்.
"ஒரு வாரத்துக்குத்தான் வைத்தேன். இன்னுமா இருக்கிறது?"
பிறகு லாரியின் தகடு தேய்வதைப் பற்றிப்
பேச ஆரம்பித்துவிட்டான்.
எனக்குக் காது கேட்கவில்லை.

டேனியர் விசைப்பலகை!
கழுத்தில் குறுக்குக் கோடு விழுந்த எங்கள் எழுத்து
அவர்களிடம் கிடையாது.
கோடில்லாத பங்காளியைத் தட்டியிருக்கிறான்,
இரண்டு இடத்திலும்.
பதினோரு வருடமாக நாங்கள் அத்தனை பேரும்
கண்ணாலேயே கோட்டைப் போட்டுப் படித்திருக்கிறோம்.
கருவிக்குக் கண் இல்லை. அதனால் அது பொய் சொல்லவில்லை.

ஈரத் தலையோடு திரும்பி வந்து
பிழையைப் பிழையில்லாமல் எழுதினேன்.

உடனே பதில் வந்தது. ஓர் அடையாள எண்,
வேறு ஒரு சொல்லும் இல்லை.
கீழே திட்டத்தின் கணக்கு:
சேர்க்க வேண்டியது பூஜ்யம்,
மாற்ற வேண்டியது பூஜ்யம்,
அழிக்க வேண்டியது பூஜ்யம்.
இத்தனை பூஜ்யத்தைப் பார்த்து
யாராவது கை தட்டியிருப்பார்களா தெரியவில்லை.
நான் தட்டினேன். சரிவில் பனி
எண்பத்து நாலு சென்டிமீட்டர் என்றது இயந்திரம்,
தன்னைத் தேடியதே தெரியாமல்.

அந்த வரிக்கு மேல் ஒரு குறிப்பு வைத்தேன்:
"பெயர் தப்புதான். திருத்தாதே. ஸ்டெய்னுன்."

பதினொன்றரைக்குச் சூரியன் வந்தது.
கூடவே ஓர்வரின் கோரிக்கையும்:
என் கோப்பில் இரண்டு எழுத்துப்பிழை கண்டானாம்,
சரி செய்து அனுப்பியிருக்கிறானாம்.

நிராகரித்தேன்.