குறிப்புகள் என்ற கட்டம்

பீல் நகரசபையின் வரைபடக் கிடங்கில்
நாற்பத்தோராம் இழுப்பறையில் இருந்தார் ஹல்வார் நெஸ்ஹைம்.
ஆளல்ல. ஆள் போய்ப் பதினொரு வருசம்.
எழுபத்து மூன்றில் அவர் போட்ட
பள்ளி உடற்பயிற்சிக் கூடம்,
அதை ஒட்டிய மாடிப்படி,
பென்சிலில்.

நான் கல்நார் தேடுகிறவள்.
இடிப்பதற்கு முன் முகமூடி போட்டுக்கொண்டு
சுவரைச் சுரண்டிப் பொட்டலம் கட்டி
இலக்கம் எழுதி அனுப்புகிறவள்.
கட்டினவர்களைப் பற்றி எனக்கு அக்கறையில்லை,
எதைக் கலந்தார்கள் என்பதைத் தவிர.

ஆனால் படியின் வெட்டுப்படத்தில்
ஒவ்வொரு படிக்கும் மேலே நோர்வே மொழியில் ஒரு சொல்.
ஏதோ பூச்சின் பெயர் என்றுதான் முதலில் நினைத்தேன்.
பதினேழு படி, பதினேழு சொல்.
கிடங்குக்காரர் ஆலோயிஸ் ஷ்டுக்கி சிரித்தார்:
"அது பாட்டு. மனுசன் இரண்டும் செய்தார்.
இரண்டிலும் பெரிதாக வரவில்லை."

பிறகு நான் கேளாமலே சொன்னார்.
துரொன்ஹைமில் படித்து, ஒரு பெண்ணின் பின்னால் இங்கே வந்து,
அவள் லொசானுக்குப் போன பிறகும்
இங்கேயே இருந்துவிட்டவர்.
இருபத்தாறு போட்டிகளுக்கு வரைந்தார், வென்றது மூன்று,
கட்டியது இரண்டு. ஒன்று இது.
மற்றது ஏரிக்கரையில் உடைமாற்றும் அறைகள். ஒழுகும்.
பெர்கன் வானொலியில் ஒரே ஒரு பாட்டு,
அதற்கு வருசா வருசம் பதினான்கு பிராங் வரும்.
வந்த அன்று ரயில் நிலையத்துச் சாப்பாட்டுக்கடையில்
தனியாக ஒரு பியர்.
மிச்சக் காசுக்கு எதுவும் கிடைக்காது.

எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே வினைதான்:
வீடு கட்டுவது, பாட்டுக் கட்டுவது.
இதை ஆலோயிசுக்கு ஜேர்மனில் சொல்லப் பார்த்தேன்.
வரவில்லை.
மரியாதைக்குத் தலையாட்டினார்.

மறுநாள் அந்தப் படியில் ஏறினேன்.
ஒன்பதாவதில் கால் இடறியது.
அளந்தால், மற்றவற்றைவிட ஒன்றரைச் சென்ரிமீற்றர் உயரம்.
செய்யுளென்றால் தளை தட்டுகிறது என்போம்.
அதிபர் மதாம் குரோழான் கீழேயிருந்து சொன்னார்:
"ஐம்பது வருசமாக எல்லாரும் அங்கேதான் விழுகிறார்கள்.
பிள்ளைகள் பழகிவிடுவார்கள்.
புது ஆசிரியர்கள்தான் பாவம்."

படத்தில் அந்த ஒன்பதாம் சொல்லை
வெட்டி வேறு எழுதியிருந்தார்.
அதையும் வெட்டி மூன்றாவது.
மூன்றாவது, முதலாவதேதான்.

கைத்தொலைபேசியில் போட்டேன்: கூரை என்றது.
திரும்பப் போட்டேன்: பிடி என்றது.
இன்னொரு தரம்: துடுப்பின் ஒரு இழுப்பு.
மூன்றில் எது என்று கேட்க
இழுப்பறையில் ஆளில்லை.

அறிக்கை எழுதினேன்.
தரை ஓட்டின் பசையில் கல்நார் உண்டு.
உட்கூரைப் பலகையில் உண்டு.
மாடிப்படியில் இல்லை.
குறிப்புகள் என்ற கட்டத்தை
எப்போதும் வெறுமையாகத்தான் விடுவேன்.
இம்முறை எழுதினேன்: ஒன்பதாம் படி, கவனம்.
இடிக்க வருகிறவர்கள்
இரண்டு கையிலும் பாரத்தோடு ஏறுவார்கள்.