தொள்ளாயிரம் மடங்கு

ஆஸ்பத்திரி வீதியில் பல் கட்டும் கடை.
பின்னறையில், மெழுகு அச்சுகளுக்கு நடுவே,
ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்று கொதிக்காமல் நுரைக்கிறது.
உள்ளே பலேடியத் தகடு,
என் சின்னவிரல் நகத்தளவு.
ரொறன்ரோ மச்சான் சொக்கிலேற் பெட்டிக்குள் வைத்து அனுப்பியது.
விலையை மரியநேசன் மனைவிக்குச் சொல்லவில்லை.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
சீனி, கொழுப்பு, யூரியா பார்க்கிறவள்.
தேர்மோமீற்றரை நம்பாமல் வாசிக்கத் தெரியும்.
அதற்காகத்தான் கூப்பிட்டார்.

"மிஸ், இந்த உலோகம்
தன்னைப்போலத் தொள்ளாயிரம் மடங்கு ஐதரசன் குடிக்கும்.
குடிச்சு முட்டினாப் பிறகு
எல்லாம் ஒரே தாளத்தில அதிரும்.
ஒண்டையொண்டு தள்ளுறதை மறந்துபோம்.
மறந்தால் ஒட்டும். ஒட்டினால் சூடு.
கணக்கில இல்லாத சூடு."

உலகம் இதைச் சிரித்து மூடிவிட்டது என்றேன்.
"சிரிச்சவையின்ர தகடு முட்டேல்லை" என்றார்.

தொண்ணூற்றைந்து, ஐப்பசி.
சாவகச்சேரிப் பள்ளிக்கூடம், ஏழாம் வகுப்பு அறை.
நாற்பத்தொரு பேர் முட்டியிருந்தோம்.
எனக்குப் பதினொரு வயது.
நாங்கள் ஒட்டவில்லை, மரியநேசன்.
ஒரு வாளிக்கு அடிபட்டோம்.
கரும்பலகைக்குக் கீழே எங்கள் இடத்தை
அம்மா சோக்கால் கோடு கீறிப் பிரித்தா.
சூடு இருந்தது. அது காய்ச்சல்.

ஆனால் ஒரு இரவு ஒரு பிள்ளை இருமியது,
பக்கத்துப் பாயில் ஒருவர், அடுத்தவர்,
பிறகு சுவருக்கு அங்கால் எட்டாம் வகுப்பும்.
கூரைத் தகரம் அதிர்ந்தது.
இதை நான் அவருக்குச் சொல்லவில்லை.
இப்படியொரு சாட்சி கிடைத்தால் விடமாட்டார்.

பதினேழு இரவுகள்.
சீஆர் கொப்பியில் பத்து நிமிடத்துக்கு ஒரு வரி:
தண்ணீரின் சூடு, அறையின் சூடு.
வோல்ற்றை மாலையில் ஒருமுறைதான் பார்த்தோம்,
மீற்றர் பற்றறிக் கடையில் இரவல்,
எட்டு மணிக்குத் திருப்பிக் கொடுக்கவேணும்.

பன்னிரண்டாம் இரவு, இரண்டு மணி தாண்டி,
தண்ணீர் ஒரு பாகை ஏறி நின்றது.
நாங்கள் கொடுக்காத ஒரு பாகை.
மரியநேசன் சிலுவை போட்டார்.
பிறகு மோதிரத்தால் மேசையில் தட்டித் தட்டி
எந்தத் தாளம் என்று தேடினார்.
அடுத்த இரவும் அதே நேரம், அதே ஒரு பாகை.

மூன்றாம் இரவு
மீற்றரைத் திருப்பிக் கொடுக்காமல்
சுவர்ப் பிளக்கில் குத்தினேன்.
ஊர் படுத்துவிட்டது.
வெல்டிங் கடை, ரியூட்டரி மின்விசிறி, ஐஸ் பக்டரி
எல்லாம் ஓய்ந்திருந்தன.
லைனில் இருநூற்று ஐம்பத்தொரு வோல்ற்.
யாழ்ப்பாணத்தின் நித்திரைதான்
எங்கள் போத்தலைச் சூடாக்கியிருக்கிறது.

அவர் வெகுநேரம் பேசவில்லை.
ஒரு கீழ்த்தாடைக்கு மெழுகு உருக்கினார்.
காலையில் நாவாந்துறையிலிருந்து ஆள் வரும்,
மகளின் கலியாணத்தில் இறைச்சி கடிக்கவேணுமாம்.

கணக்கைத் திருத்தினேன். ஒரு பாகை கரைந்தது,
முழுவதும் அல்ல.
நூறில் நாலு பங்கு மிஞ்சியது.
என் தேர்மோமீற்றரின் பிழை நூறில் ஐந்து.
'பிழைக்குள்' என்று எழுதினேன்.

"பிழைக்குள்ள எண்டால், இல்லை எண்டு அர்த்தமோ?"
அப்படியில்லை.
"இருக்கு எண்டோ?"
அதுவும் இல்லை.
"அப்ப அதையே எழுதுங்கோ."
எழுத முடியவில்லை. அந்த வரிக்குக் கட்டம் சின்னது.

ஞாயிறு பூசைக்குப் பிறகு கரண்டை நிறுத்தி
தகட்டைத் தையல் மெசின் எண்ணெய்க்குள் போட்டோம்.
மூன்று நாள் குமிழி,
ஒவ்வொன்றாய், அவசரமில்லாமல்.
நாலாம் நாள் ஒன்றும் வரவில்லை.
தராசில் பழைய நிறை.

வடிவம்தான் பழையதில்லை.
நடு புடைத்து, ஓரம் சுருண்டு,
கண்ணாடியில் வைத்தால் ஆடுகிறது.

மரியநேசன் இடுக்கியை எடுக்கிறார், நேராக்க.
விடுங்கோ, என்கிறேன்.
முதலில் வளைவை அளப்பம்.